விரதத்தில் சேராத மாத்திரை

போன வருஷம் கந்த சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் சித்ரலேகா மேல் முருகன் இறங்கினான் என்று திருநெல்வேலி டவுனில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவள் அவளுடைய நாத்தனார் சொர்ணாம்பாள். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்; ஒரு விஷயத்தை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் குரலை இறக்கிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள். சூரனின் தலை விழுந்த அந்த நொடியில், அவ்வளவு ஜனத்துக்கு நடுவே, பச்சைச் சேலையோடு தன் தம்பி பெண்டாட்டி சாய்ந்ததையும், சுற்றி நின்றவர்கள் கை குவித்ததையும் அவள் சொல்லும்போது கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். “நானும் கும்பிட்டேன். மூத்தவன்னு பாக்கலை” என்று முடிப்பாள்.

அந்தக் கதையில் ரத்தம் வராது.

சித்ரலேகாவுக்கு நினைவிருந்தது வேறு. காதுக்குள் ஈர மணல். மேலே வட்டமாகக் குனிந்திருந்த முகங்கள். “வயிறு” என்று சொல்ல வாயைத் திறந்தாள். யாரோ அந்த வாயில் விபூதியைப் போட்டார்கள். அப்புறம் காப்பித் தூள் மண்டி மாதிரி கருப்பாக வாந்தி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கணவன் ஞானசம்பந்தன் கும்பிட்ட கையைப் பிரித்து அவளைத் தூக்கினான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சொர்ணாம்பாளின் கதையில் அது, “பிறகு கொஞ்சம் அசதியா இருந்தா” என்ற ஒரு வரியாகச் சுருங்கிப் போனது.

சித்ரலேகா பாளையங்கோட்டை கோர்ட்டில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, சாட்சிகள் சொன்னதையெல்லாம் அவள் இன்னும் அந்தக் கனத்த டைப்ரைட்டரில்தான் தட்டிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகத் தட்டியதில் கழுத்தில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. வலது தோளில் இறங்கி, விரல் நுனி வரை கம்பி இழுத்த மாதிரி இழுக்கும். வீட்டில் அதற்கு வைத்தியம் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. வீட்டில் யாருக்கு எதற்கு மாத்திரை வாங்கினாலும் மிச்சம் அதற்குள் போகும். எல்லாம் தனித்தனியாக நறுக்கிய மாத்திரைகள். பெயர் இருக்காது. மஞ்சள் மாத்திரை, ரோஸ் மாத்திரை, பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை. அந்த வீட்டில் மருந்துக்கு நிறம்தான் பெயர்.

போன வருஷம் விரதத்தின்போது கழுத்து வலி பொறுக்க முடியாமல் போனது. “மாத்திரை விரதத்தில சேராதுளா. அது தண்ணி மாதிரி. போட்டுக்கோ” என்றாள் சொர்ணாம்பாள். திருச்செந்தூர்க் கோவிலில் பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியையும் மாத்திரையையும் சேர்த்தே உள்ளங்கையில் வைத்தாள். ராத்திரி ஒரு டம்ளர் பாலைத் தவிர எதுவும் போகாத வயிற்றில் சித்ரலேகா காலையில் மஞ்சளை விழுங்கினாள். மத்தியானம் வலி நிற்கவில்லை. மஞ்சள்தானே கேட்கவில்லை, ரோஸ் வேறு மருந்து, அதைப் போட்டுப் பார்ப்போம் என்று ரோஸையும் விழுங்கினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த இரண்டு நாளும்.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் அவள் வயசுக்காரிதான். வாயில் தயவுதாட்சண்யம் கிடையாது.

“டைப்பிஸ்ட்டுன்னு சொல்லுதீங்க. சாட்சி பேரு தெரியாம வாக்குமூலம் அடிப்பீங்களா?”

“இல்ல.”

“மாத்திரையை மட்டும் பேரு தெரியாம விழுங்குவீங்களோ.”

பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார். மஞ்சளாக இருந்தது டைக்ளோஃபெனாக், ரோஸ் ஐபுப்ரோஃபென். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பக்கூடாது. இரண்டும் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். அதே கையோடு வயிற்றின் உள் சுவரையும் அரிக்கும், சிறுநீரகத்தையும் சீண்டும். ஒன்று போதவில்லை என்று அதே குடும்பத்து இன்னொன்றைச் சேர்த்தால் வலி பெரிதாகக் குறையாது, புண்தான் பெருகும். அதிலும் வெறும் வயிற்றில். “ஒரு தடவை ரத்தம் கசிஞ்ச வயிறு. இனி அந்தக் குடும்பமே உங்க வாசப்படி ஏறக்கூடாது. வலிச்சா பாராசிட்டமால். அதுவும் சொன்ன அளவுக்கு மேல போனா ஈரலுக்கு ஆகாது.”

“அதுல வலி போகுமா டாக்டர்?”

“பாதி போகும். மீதிப் பாதிக்கு கழுத்துக்குப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். அதுக்கும் மிஞ்சினது உங்களோட இருக்கும்.”

பொய் சொல்லாமல் பேசிய அந்தப் பேச்சு சித்ரலேகாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை அவள் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சொர்ணாம்பாள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் காப்பி சித்ரலேகாவுக்குக் கடைசியாகத்தான் வரும். அன்று முதலில் வந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தானே வளர்த்து, அதற்காகத் தனக்கொரு கல்யாணமும் வேண்டாமென்று இருந்துவிட்ட சொர்ணாம்பாள், இத்தனை வருஷமாக அவளை எடைபோட்ட அந்தப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். தெருப்பெண்கள் வந்து சித்ரலேகாவின் கையால் விபூதி வாங்கிப் போனார்கள். அது அவளுக்கு இனித்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. ரத்தம் கொடுத்து வாங்கிய மரியாதை, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் ஒரு வருஷமாகி, மறுபடியும் சஷ்டி வந்து நின்றது.

விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் சொர்ணாம்பாள் புதுப் பச்சைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். “இந்த வருஷம் உனக்காகவே பத்து இருபது பேரு விரதம் இருக்காளுவ” என்றாள்.

அறைக்குள் வந்து சித்ரலேகா கணவனிடம் சொன்னாள். “என்னால வெறும் வயித்தோட இருக்க முடியாது. டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க.”

“இருந்தேன், இருந்தேன். நான் அக்காகிட்ட பக்குவமா சொல்லுதேன்” என்றான் ஞானசம்பந்தன்.

அவன் எதையும் பக்குவமாகத்தான் செய்வான். மறுநாள் மத்தியானம் கோர்ட்டுக்கு வந்தான். பக்கத்துத் தெருவில்தான் அவன் வேலை பார்த்த பேங்க். கையில் ஹோட்டல் பொட்டலம்.

“சாப்பிடு. தயிர்சாதம். காரம் இல்லாம வாங்கியிருக்கேன்.”

“மதினிகிட்ட சொல்லியாச்சா?”

“அது... வீட்ல விரதம்னே இருக்கட்டுமே சித்ரா. இங்கன சாப்பிட்டுக்கோ. அக்கா மனசும் கஷ்டப்படாது, உன் வயிறும் கஷ்டப்படாது.”

அவள் ரெக்கார்டு அலமாரிகளுக்குப் பின்னால் போய், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று நாள் அப்படிச் சாப்பிட்டாள். பழைய காகிதத் தூசி தயிர்சாதத்தில் படிந்தது. எதைத் திருடுகிறேன் என்று யோசித்துப் பார்த்தாள். சோறு அவள் சம்பளத்துச் சோறு. வயிறு அவள் வயிறு. பசி அவள் பசி. ஆனாலும் யாராவது காலடிச் சத்தம் கேட்டால் கை பொட்டலத்தை மூடியது. அந்தக் கையை அவளுக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் பசியை மறைத்து விரதம் இருந்தாள். இந்த வருஷம் சோற்றை மறைத்து விரதம் இருக்கிறாள். இரண்டு வருஷமும் மறைத்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் சாயங்காலம் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கழுத்து பிய்த்துக்கொண்டிருந்தது. அகமது மீரானின் மருந்துக்கடையில் பாராசிட்டமால் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றாள். மீரான் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் சதுரமாகக் கிழித்த காகிதங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், ஒரு பெரிய வெள்ளை, ஒரு சின்ன வெள்ளை.

“என்ன பாய், இன்னைக்கு செட் வியாபாரம் ஜோரா இருக்கு.”

“எல்லாம் உங்க புண்ணியந்தான்கா” என்று சிரித்தார் மீரான். “டீச்சர் சொல்லிவிட்டாங்க. விரதக்காரங்களுக்கு இடுப்பு வலி, கால் வலி இருக்குமாம். சித்ரா போன வருஷம் சாப்பிட்ட அதே மாத்திரையாக் குடுத்துவிடுங்கன்னாங்க. பேட்டையில இருந்துகூட ஒரு அம்மா வந்து, சாமி வந்தவங்க சாப்பிட்ட செட் இருக்கான்னு கேக்காங்க.”

சித்ரலேகா கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கடற்கரையில் சாய்த்ததை இலை விபூதி மாதிரி மடித்து ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வாய் திறக்காத ஒரு வருஷம் அந்தக் காகிதங்களில் வரிசையாகக் கிடந்தது.

“இதுல என்னென்ன இருக்கு?”

“மஞ்சள் ஒண்ணு, ரோஸ்...”

“நிறம் எனக்கே தெரியுது. பேரைச் சொல்லுங்க.”

மீரான் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். டைக்ளோஃபெனாக். ஐபுப்ரோஃபென். பெரிய வெள்ளை பாராசிட்டமால். 

“சின்ன வெள்ளை?”

“அதுதானக்கா செட்டுக்கே உயிரு. டெக்ஸாமெதாசோன்.”

“ஸ்டீராய்டு.”

“அது இல்லாமக் குடுத்தா மறுநாளே வந்து, என்ன பாய் மருந்து கேக்கலைங்காங்க. அதைச் சேத்தா படுத்துக்கிடந்தவங்க எந்திரிச்சுக் கோலம் போடுதாங்க.”

“அட்டையோட குடுத்தா என்ன? ஏன் நறுக்குதீங்க?”

“பேரு தெரிஞ்சா அடுத்த தடவை எதுத்த கடையில வாங்கிருவாங்கல்லா” என்றார் மீரான், மறைக்காமல். “டாக்டர் சீட்டு கேட்டாலும் அண்ணாச்சிமாருக்குக் கோவம் வந்துரும். நீ என்ன கலெக்டரான்னு கேக்காங்க. நான் யாவாரி அக்கா. கேட்டதைக் குடுக்கேன். கேட்டாத்தான் பேரையும் சொல்ல முடியும். இத்தனை வருஷத்துல பேரு கேட்ட ஆளு நீங்கதான்.”

“போன வருஷம் இதைச் சாப்பிட்டுத்தான் எனக்கு ரத்தம் போச்சு பாய். சாமி வரலை.”

கத்திரிக்கோல் நின்றது. “டீச்சர் அப்படிச் சொல்லலியே” என்றார் மெதுவாக.

“நானும் சொல்லலை. இனிமே சொல்லுதேன். இதைக் கட்டாதீங்க.”

“காலையிலயே கொஞ்சம் வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா.”

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. கூடத்தில் விளக்கேற்றி, படத்துக்கு மாலை போட்டு, விரதத்துப் பச்சைச் சேலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலர் சொர்ணாம்பாளிடம் படித்தவர்கள். இப்போதும் அவள் முன்னால் கால் நீட்டி உட்கார மாட்டார்கள். ஞானசம்பந்தன் உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். சித்ரலேகா நுழைந்ததும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள்.

“வா, வா. உனக்காகத்தான் காத்திருக்கோம்” என்றாள் சொர்ணாம்பாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் மோவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “பாலம்மாவைப் பாத்தியா? நாலு நாளா பச்சைத் தண்ணி. முகம் எப்படிப் பூரிச்சுக் கிடக்கு பாரு. இதுக்குப் பேருதான்ளா அருள்.”

பாலம்மாள் காப்பித்தூள் கடைக்காரரின் மனைவி. மூட்டு வலிக்காரி. ஆடி மாசத்தில் பார்த்தபோது ஒடுங்கிய முகமாக இருந்தாள். இப்போது கன்னங்கள் உப்பி, முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. கை கால் மட்டும் பழையபடி மெலிந்தே இருந்தன. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருத்திக்கு இப்படி ஒரு முகம் இருந்ததும், அது ஸ்டீராய்டு கொண்டுவந்த வீக்கம் என்று டாக்டர் சொன்னதும் சித்ரலேகாவுக்கு ஞாபகம் வந்தது.

அவள் கைப்பையைக்கூட வைக்காமல் பாலம்மாளின் முன்னால் உட்கார்ந்தாள்.

“செட் எப்ப இருந்து சாப்பிடுத?”

“ஆவணியில இருந்துக்கா. மீரான் கடைதான். அது இல்லாட்டி எனக்குக் கால் மடங்காது.”

“விரதத்துலயுமா?”

“டீச்சர்தான் அது விரதத்துல சேராதுன்னாங்க. இப்ப ரெண்டு வேளையாப் போடுதேன்.”

“வயிறு எரியுதா?”

“விரதம்னா எரியத்தானக்கா செய்யும்.”

சித்ரலேகா ஒரு கணம் நிறுத்தினாள். அடுத்த கேள்வியைக் காதோடு காதாகக் கேட்கலாம். கேட்டால் பாலம்மாள் ஒருத்திக்குத்தான் கேட்கும். மற்றவர்கள் முந்தானையிலும் அந்தப் பொட்டலங்கள் இருக்கின்றன.

“வெளிக்குப் போறது கருப்பாப் போகுதா?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

விளக்கின் திரி சடசடத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“பூஜை வீட்டுல பேசுத பேச்சாளா இது?” என்றாள் சொர்ணாம்பாள்.

“சித்ரா, பைய” என்றான் ஞானசம்பந்தன் நிலையிலிருந்து.

“பைய எதுக்குங்க? போன வருஷம் எனக்குக் கருப்பாத்தான் போச்சு. தார் மாதிரி. வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் சொல்லலை. அது ரத்தம். வயித்துக்குள்ள கசியுத ரத்தம் வெளிய வரும்போது சிவப்பா இருக்காது, கருத்துத்தான் இருக்கும். அதோடதான் கடற்கரையில நின்னேன். அதனாலதான் விழுந்தேன்.” அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். “என் மேல யாரும் இறங்கலை. நாலு நாள் வெறும் வயித்துல மஞ்சளையும் ரோஸையும் முழுங்கினேன். ரெண்டும் ஒரே மருந்துக் குடும்பம்னு தெரியாம முழுங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.”

சொர்ணாம்பாள் படத்தின் பக்கம் கை நீட்டினாள்.

“சாமி காரியத்துல வாய்க்கு வந்ததைப் பேசாத. அத்தனை பேரு பாத்தாங்க.”

“விழுந்ததைப் பாத்தாங்க மதினி. வாந்தி எடுத்ததையும் பாத்தாங்க. அதை நீங்கதான் கதையில இருந்து எடுத்துட்டீங்க.”

“நான் உன்னைக் கும்பிட்டேன்ளா.”

அந்தக் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. வாழ்நாளில் யார் முன்னாலும் வளைந்திராத ஒருத்தி வளைந்த ஒரே தடவை அது. அதைத் திருப்பிக் கொடுப்பது சாமானியமில்லை என்று சித்ரலேகாவுக்குத் தெரிந்தது. தனக்கும்தான். நாளைக் காலையில் காப்பி எந்த வரிசையில் வரும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

“அதை நீங்க எடுத்துக்கிடுங்க மதினி. எனக்கு அது வேண்டாம்.”

பாலம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடி சில்லென்று இருந்தது. 

“அக்கா, முந்தா நாள்ல இருந்து அப்படித்தான் போகுது” என்றாள். “தார் மாதிரிதான். எந்திரிச்சா தல சுத்துது. அருள்னு நெனச்சேன்.”

சித்ரலேகா எழுந்தாள். “என்னங்க, ஒரு ஆட்டோ கூட்டிட்டு வாங்க. பாளையங்கோட்டைக்கு.”

“அக்காகிட்ட ஒரு வார்த்தை...”

“நீங்க யாருகிட்டயும் பக்குவமா எதுவும் சொல்ல வேண்டாம். ஆட்டோ மட்டும் கூட்டிட்டு வாங்க.”

அவன் அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். ஒரு பெண் முந்தானையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப இதைத் தூரப் போட்டுரலாமாக்கா?” என்றாள்.

“எப்ப இருந்து சாப்பிடுதீங்க?”

“இன்னைக்குத்தான். ஒரு தடவை.”

“அப்படின்னா போட்டுருங்க. ஆனா மாசக்கணக்கா சாப்பிட்டவங்க யாரும் தானா நிறுத்திராதீங்க. இந்தச் சின்ன வெள்ளை ஸ்டீராய்டு. பழகின உடம்புக்கு அதைச் சட்டுனு நிறுத்தினா அதுவும் ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டித்தான் கொறைக்கணும். பாலம்மா, உன் பொட்டலத்தை எடுத்துக்கோ. அவங்க பாக்கணும்.”

பாலம்மாள் கழுத்தில் வேர்வையோடு தலையாட்டினாள். “எனக்கு இப்ப ஏதும் சாப்பிடக் குடுப்பியளா? விரதந்தான் போச்சே.”

“உனக்கு வேண்டாம். டாக்டர் பாக்குத வரைக்கும் தண்ணிகூட வேண்டாம். அப்படியே சாஞ்சு படு.”

ஆட்டோ வருவதற்குள் சித்ரலேகா அடுக்களைக்குள் போனாள். ஞானசம்பந்தனுக்காக வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு, மோர் ஊற்றிப் பிசைந்தாள். அங்கேயே நின்று சாப்பிட்டிருக்கலாம். கை ஒரு பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தட்டோடு கூடத்துக்கு வந்து, விளக்குக்கு நேரே, பச்சைச் சேலைக்காரிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நிதானமாகத்தான் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து மீரான் கடையில் வாங்கி வந்த பாராசிட்டமால் அட்டையை எடுத்து, பெயர் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினாள்.

சொர்ணாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “தட்டை நீயே கழுவி வை” என்றாள்.

“நான்தானே எப்பவும் கழுவுதேன் மதினி.”

ஓர் ஓரத்தில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது காற்று ஈரமாக அடித்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஞானசம்பந்தன், “பள்ளம் பாத்துப் போங்க, பள்ளம் பாத்துப் போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. பாலம்மாள் சித்ரலேகாவின் மடியில் தலை வைத்திருந்தாள். வீங்கிய அந்தக் கன்னம் தொடையில் கனத்தது. கீழே தாமிரபரணி ஐப்பசித் தண்ணீரோடு இருட்டிக்கொண்டு போனது.

“அக்கா.”

“சொல்லு.”

“முருகன் கோவிச்சுக்கிட மாட்டானா?”

சித்ரலேகா யோசித்தாள். அவளுக்கு முருகன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அவனை யாரும் கேட்காமலேயே அவன் பெயரில் எல்லாம் நடந்திருந்தது, அவள் பெயரில் நடந்த மாதிரியே.

“கோவம் வந்தா என்கிட்ட வரட்டும்” என்றாள். “இந்தத் தடவையாவது நிசமா வரட்டும். ரெண்டு கேள்வி நான் கேக்கேன்.”

ஆஸ்பத்திரியில் அதே லேடி டாக்டர் டூட்டியில் இல்லை. இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, என்ன மாத்திரை சாப்பிட்டீங்க என்றுதான். பாலம்மாள், “மஞ்சள் ஒண்ணு...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, சித்ரலேகாவைப் பார்த்தாள். பிறகு வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்த பெயர்களைத் தடுக்கித் தடுக்கித் தானே சொன்னாள்.

மறுநாள் விடிந்து சித்ரலேகா வீடு திரும்பியபோது சொர்ணாம்பாள் திருச்செந்தூர் போவதற்கு மஞ்சள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சூரசம்ஹாரம் வரை அங்கேயே தங்கிவிடுவாள். புதுப் பச்சைச் சேலை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் கிடந்தது. காப்பி ஞானசம்பந்தனுக்கு முதலில் வந்தது. சித்ரலேகாவுக்குக் கடைசியாக வந்தது, ஆறிப்போய். அவள் அதைச் சுட வைத்துக் குடித்தாள்.

“ஏலே சம்பந்தா” என்று கூப்பிட்டாள் சொர்ணாம்பாள், அவள் பக்கம் திரும்பாமல். “பாலம்மா எப்படி இருக்கான்னு உன் பொண்டாட்டிகிட்ட கேளு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் சித்ரலேகா சொன்னாள். “ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க மதினி. ரத்தம் ஏத்துத அளவுக்குப் போகலை, மருந்து ஏறுது. சின்ன வெள்ளையை அவங்களே பைய கொறைப்பாங்களாம்.” பிறகு, “நீங்க முட்டிக்கு என்ன போடுதீங்க?” என்றாள்.

சொர்ணாம்பாள் பையின் வாயைக் கட்டினாள். அவிழ்த்து மறுபடி கட்டினாள். பையோடு படியிறங்கிப் போனாள். அவள் நடையில் வலது முட்டி மடங்கவில்லை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி படியாத தடம் இருந்தது. பைக்குள் கொண்டுபோகிறாளா, வேறெங்காவது வைத்தாளா, தெரியவில்லை. சஷ்டி முடிந்து வரட்டும், மறுபடியும் கேட்கிறேன் என்று சித்ரலேகா நினைத்தாள். எத்தனை தடவையானாலும் கேட்கிறேன்.

கழுத்து வலித்தது. அவள் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தாள். ஞானசம்பந்தன் பழக்கத்தில் எழுந்து தெருக்கதவைச் சாத்தப் போனான்.

“திறந்தே இருக்கட்டும்” என்றாள்.